ஜூன் ஐந்தா, மே ஆறா?

ரோசலின் பதினொரு வருடம் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தவள். இப்போது நாகல் நகரில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் மூன்றே பேர் இருக்கும் மென்பொருள் அலுவலகத்தில் வேலை. மாடு வளர்ப்பவர்களுக்கான செயலி ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். சினை ஊசி போட்ட தேதியைக் கொடுத்தால், மாடு எப்போது கன்று போடும் என்று கணக்கிட்டு அந்த வாரம் போனில் செய்தி அனுப்பும். நிரல் எழுதிச் சோதிப்பது ரோசலின். யார் புகார் சொன்னாலும் அவளே பேசுவாள்.

பிப்ரவரியில் ஒருநாள் சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒச்சாயி கூப்பிட்டாள்.

“தாயி, போன வாரமே கன்னு போடும்னு சேதி வந்துச்சு. மக வளைகாப்புக்குக்கூட முழுசா இருக்காம ஓடியாந்துட்டேன். மடியே எறங்கல. மாட்டுக்கு ஏதும் கோளாறா?”

வளைகாப்பு என்றதும் ரோசலினுக்கு மனசு கேட்கவில்லை. “நான் நேர்லயே வாரேம்மா” என்று பஸ் ஏறிவிட்டாள்.

செவலைப் பசு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒச்சாயி ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்தியிருந்த ஊசி அட்டையை எடுத்து வந்தாள். 05/06/2024 என்று எழுதியிருந்தது.

“ஊசி எப்பம்மா போட்டீங்க?”

“பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முன்னால. ஜூன் மாசம்.”

செயலியில் மே 6 என்று இருந்தது. ரோசலினுக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் நாள் முன்னால், மாதம் பின்னால். நிரலோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் படித்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மாதம் கிடையாது என்பதால் 25/12 போன்றவற்றை மட்டும் தானாகவே திருப்பிச் சரியாகப் படித்திருக்கிறது. சோதனைக்கு அவள் எப்போதும் கொடுப்பது கிறிஸ்துமஸ் தேதிதான்.

“தப்பு என்னோடதும்மா. இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

“மாடு நல்லாருக்குல்ல, அது போதும். மோரைக் குடி.”

பாதி மோரில் அவளுக்குத் திக்கென்றது. இங்கே ஒரு மாதம் முந்தியது என்றால், வேறு எங்கோ பிந்தியும் இருக்கும். மே 6 அன்று ஊசி போட்ட மாடு ஜூன் 5 என்று பதிவாகியிருக்கும். அது இன்றோ நாளையோ கன்று போடும். வீட்டுக்காரர் இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளி ஸ்டீபன்ராஜிடம் நடந்ததைச் சொன்னாள். முதலில் நாள், அடுத்து மாதம் என்று நிரலுக்குத் திட்டவட்டமாகச் சொல்லிவைத்தாள். உள்ளே சேமிக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசை. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. அப்படித் திருத்தியதும் அவசரமான மாடுகள் நாற்பத்து மூன்று தேறின.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். சிலர் திட்டினார்கள். செம்பட்டி பெருமாள்சாமி சிரித்தார். “கன்னு போட்டு மூணு நாளாச்சும்மா. ஒங்க போனு அடுத்த மாசம்னுச்சு. நான் மாட்டத்தான் நம்புனேன்.” காந்திகிராமத்துக் கௌசல்யா மட்டும் பதறினாள். அவள் மாடு தூரத்துத் தோப்பில் தனியாகக் கட்டியிருந்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். மறுநாள் காலையில் கன்றின் பின்னங்கால் முதலில் வந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்ததால் டாக்டரை அழைத்துத் தாயையும் கன்றையும் காப்பாற்ற முடிந்தது. அதைக் கேட்டு ரோசலின் மேசையிலேயே அழுதுவிட்டாள்.

மார்ச்சில் ஒச்சாயி கூப்பிட்டாள்.

“கெடேரிக் கன்னு தாயி! சீம்பால் தாரேன், வா. தேதி எழுதிக்க. இருபத்தாறு.”

ரோசலின் நாட்காட்டியைப் பார்த்தாள். மார்ச் பத்துதான் ஆகியிருந்தது.

“எந்த மாசம்மா?”

“மாசிதான். வேறென்ன?”

அவள் சிரித்துக்கொண்டே 2025-03-10 என்று பதிந்தாள்.