வாசலுக்கு ஒரு மர ஸ்டார்

கல்யாணமாகி ஆறு கிறிஸ்துமஸ் எனக்கு மாமியார் வீட்டு அடுப்படியிலேயே கழிந்தது. கேரல் பாட வருகிறவர்களுக்கு டீ ஆற்றியே டிசம்பர் போய்விடும். பாட்டு வாசலில் நடக்கும், எனக்குச் சத்தம் மட்டும்தான் வந்து சேரும். அதனால் கருமத்தம்பட்டியில் அடுத்த தெருவிலேயே வாடகை வீடு பிடித்துத் தனியாக வந்த வருஷம் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டேன். கேரல் கூட்டம் என் வாசலில் நின்று பாட வேண்டும்.

அதற்கு வாசலில் ஸ்டார் தொங்க வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் அப்படித்தான். ஸ்டார் இருக்கிற வீட்டில்தான் கேரல் நிற்கும். ஒரே குடும்பம் என்றால் பெரியவர்கள் வீட்டில் ஒரு ஸ்டார், அத்தோடு சரி. மகன் தன் வாசலில் தனியாக ஒன்று கட்டினால், குடும்பம் பிரிந்துவிட்டது என்று தெருவுக்கே சொன்ன மாதிரி. சொன்னால் என்ன, பிரிந்துதானே வந்திருக்கிறோம் என்றேன். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை!

கடையில் விற்கிற காகித ஸ்டார் பனியில் நனைந்து தொளதொளத்துவிடும், மரத்தில் செய்யலாம் என்று சொன்னதும் நான்தான். நாங்கள் வேலை பார்த்த தறிக் குடோனில் மிஷின் சாமான் வந்த பெட்டிகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டுப் பலகைகளை வாங்கி வந்தோம். வீட்டுக்காரர் மெல்லிய சட்டங்களாக அறுத்தார், நான் தேய்த்தேன். உப்புத்தாள் பிடித்து விரல் நுனியெல்லாம் எரிந்து, தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாமல் முதலாளியிடம் பேச்சு வேறு வாங்கினேன். ஐந்து சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஆணி அடித்தால் ஒரு ஸ்டார். அப்படி இரண்டு செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சின்னக் கட்டைகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். உள்ளே பல்பு, மேலே சிவப்புக் கண்ணாடிக் காகிதம். மூங்கில் கம்பத்தில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டதும் வாசல் முழுக்கச் சிவந்தது. அடி ஆத்தி, நம்ம வாசலா இது என்று நின்றுவிட்டேன்.

கேரல் வருகிற அன்று அவருக்குக் காலை ஷிப்ட், மதியமே வந்துவிட்டார். நான் வேலை முடிந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து பார்த்தால் கம்பம் மொட்டையாக நின்றது. ஒயர் மட்டும் தொங்கியது. எடுத்துப் போனவன் கை விளங்குமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தூங்கிப்போய்விட்டதாகவும், காற்றில் விழுந்து எங்கேயாவது கிடக்கும் என்றும் சொல்லி அவர் டார்ச்சை எடுத்தார். சந்து, சாக்கடை ஓரம், பின்னாலிருந்த குப்பைமேடு என்று என்கூடவே வந்து வெளிச்சம் அடித்தார். முள்ளுக்குள் நான் கையை விட்டபோது, பார்த்து என்று அக்கறையாக வேறு சொன்னார்.

அதற்குள் டிரம் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். கூட்டம் என் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். முன்னால் போன கோயில் உபதேசியார் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஸ்டாரைத்தான் மாமியார் ஊட்டுல கட்டியாச்சுங்களே. ரெண்டு ஊட்டுக்கும் சேத்து அங்கயே பாடிப்போடறோம், வாங்க."

திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். டார்ச்சை அணைப்பதிலேயே மும்முரமாக இருந்தார்.

மாமியார் வாசலில் என் ஸ்டார் தொங்கியது. நான் தேய்த்த மரம், எனக்குத் தெரியாதா? மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே குடுத்து உட்டியாமா கண்ணு. தனியாப் போனாலும் ஸ்டாரு இங்கதான் தொங்கோணும்னு சொன்னியாமா. இந்த மனசு யாருக்கு வரும்?"

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. தெரு என்ன பேசுமோ என்று மகனிடம் வருத்தப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

கோபமெல்லாம் பக்கத்தில் நின்ற ஆள்மேல்தான். அம்மா முகம் வாடவும் கூடாது, என்னிடம் பேச்சு வாங்கவும் கூடாது, ஐயாவுக்கு. என்னிடம் கேட்டிருக்கலாம். கத்தியிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், கடைசியில் கொடுத்தும் இருப்பேன். கேட்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அதே ஆள் டார்ச் பிடித்துக்கொண்டு என்னோடு குப்பைமேட்டில் தேடுகிறான். இவனை நம்பியா தனிக்குடித்தனம் வந்தேன் என்று நெஞ்சு கொதித்தது.

கூட்டம் மொத்தமும் என் முகத்தையே பார்த்தது. மாமியார் இன்னும் கையை விடவில்லை.

"ஆமாங்க அத்தை, நாந்தான் குடுத்து உட்டேன்" என்றேன்.

பக்கத்தில் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தப்பித்துக்கொண்ட ஆள் விடுகிற மூச்சு. அவர் சொன்ன பொய்யைக்கூட மறந்திருப்பேன். அந்த மூச்சை மறக்க முடியவில்லை.