முதலாளியம்மா எடுத்த டிக்கெட்

காலையில் எங்கள் ஊரில் இரண்டு ஹாரன் சத்தம் கேட்கும். இருட்டு பிரியும் முன்னே, தொண்டை கட்டிய எருமை கத்துவதுபோல நீளமாக ஒன்று; அது கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன், எங்கள் பேச்சில் ‘ஆபீஸ் வேன்’. வெயில் ஏறியபின் கீச்சுக் குரலில் பாடிக்கொண்டு வருவது மற்றொன்று. அது பால்சாமி மாமாவின் மினிபஸ். வேனுக்குக் காசு கிடையாது, வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும், ஆனால் அது போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸுக்குக் காசு கொடுக்கவேண்டும். ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, கழுகுமலைத் தேர் என்று நினைத்த இடத்துக்கெல்லாம் போகலாம். இந்த இரண்டில் என் பங்குக்கு எது என்று முடிவாகாமல் கிடந்த ஒரு மார்கழி மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு மினிபஸ் விட பெர்மிட் கொடுத்த சமயம். அம்மாவுக்கு அண்ணன் முறையான பால்சாமி மாமா, ஓடையோரத்துப் பருத்திக்காட்டை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, புது ரெக்சின் வாசனையோடு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊர்ப் பெண்கள் கூடிக் குலவை போட்டார்கள். அதுவரை மெயின் ரோட்டுக்கு நடைதான். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால், டவுன் பிள்ளைகள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்காருவார்கள்.

இனி என்ன கவலை என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாது. பாதிப்பேர் மாமாவுக்கு மச்சான் முறை, மீதிப்பேர் பங்காளி; கண்டக்டர் சுடலை அண்ணனும் உள்ளூர்தான். “நம்ம பஸ்தானே” என்று ஏறி, ஜன்னலோரத்தையும் பிடித்துக்கொண்டு, டிக்கெட் என்ற சத்தம் கேட்டதும் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். யாருக்கும் ஏமாற்றுகிற எண்ணமில்லை, அதுதான் கொடுமை! ஊர்த் தச்சருக்கும் நாவிதருக்கும் அறுவடை முடிந்ததும் களத்திலேயே தானியம் அளந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ஸையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். கம்பு அறுத்தால் கம்பு, உளுந்து அடித்தால் உளுந்து, ஒன்றுமில்லாத நாளில் மடி நிறைய வெள்ளரிப்பிஞ்சு என்று மாமா வீட்டுக்குத் தவறாமல் போய்விடும். டீசல் பங்க்கில் கம்பை வாங்கிக்கொள்வார்களா? காசு கொடுத்த வெளியூர்க்காரர்கள் நின்றுகொண்டு வர, கொடுக்காத எங்கள் சனம் உட்கார்ந்து வந்தது. அப்படி நோகாமல் வந்தவர்களில் முதல் ஆள் என் அப்பா.

மாமாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. மார்கழியில் பேச்சு பரவியது: டீசலுக்கும் கடனுக்கும் கட்டுப்படியாகவில்லை, தை பிறந்ததும் பஸ்ஸை விற்கப்போகிறார். அன்று சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார். “பஸ் நின்னுபோச்சுன்னா பொட்டப்புள்ளய சேத்துல நடக்கவிட ஏலாது. ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் படிச்சது போதும். ஆபீஸ் வேன்ல ஏறட்டும்.”

நான் ஓவென்று அழுதேன். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நீங்க என்னைக்காவது அந்த பஸ்ல டிக்கெட் எடுத்தியளா?”

“மச்சான் பஸ்ல டிக்கெட் எடுத்தா அவரு மூஞ்சில எப்படி முழிக்க? அன்னியத்து ஆளு மாதிரில்லா ஆயிரும்?”

மாமா வீடு எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் குட்டையான ஒரு சுவர்தான். மாமாவின் மனைவி வேலம்மாள் அத்தை ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். காதும் கூர்மை, நாக்கும் கூர்மை. அத்தனையும் கேட்டிருக்கிறார் போல.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால், போன பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா வழக்கம்போல ஜன்னலோரம். ஊர் எல்லை தாண்டியதும் அத்தை காசை நீட்டினார். “சுடலை, கோவில்பட்டிக்கு ஒண்ணு குடு.”

“வெளயாடாதீய அத்தே. முதலாளியம்மாவுக்கு எவனாவது டிக்கெட் குடுப்பானா?”

“கிழிலே. காசு வாங்காம கூட்டிட்டுப் போனா, ஒனக்கும் ஆபீஸ் வேன்காரனுக்கும் என்ன வித்தியாசம்?”

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். சுடலை அண்ணன் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு அத்தை திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “என்ன தங்கச்சி, எங்களக் குத்திக்காட்டுதியா?”

“ஒங்கள நான் சொல்லுவனா அண்ணே! இது நம்ம பஸ்ஸு. நம்ம பஸ்ஸுக்கு நாம குடுக்காம மெட்ராஸ்காரனா வந்து குடுப்பான்? இந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகாண்டாமா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா வேட்டி மடிப்பைத் தடவும் சத்தம் கேட்டது. “ஏ சுடலை, ரெண்டு டிக்கெட். எனக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு.” பிறகு ஒவ்வொரு சீட்டாகக் கை நீண்டது. முதலாளி பெண்டாட்டியே எடுத்த பிறகு எந்த மச்சான் சும்மா வர முடியும்? அத்தை ஒரு நாளோடு விடவில்லை, பொங்கல்வரை தினமும் ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு ஏறி டிக்கெட் எடுத்தார். பஸ்ஸை விற்கவேண்டி வரவில்லை. வெள்ளரிப்பிஞ்சும் நிற்கவில்லை, அது தனி!

அந்த பஸ்ஸில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன், அதற்கு மேலும் படித்தேன். இன்று கோவில்பட்டியில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாமா கடனை அடைத்து, வயதானபின் பஸ்ஸை விற்றார்; இப்போது அவர் இல்லை. ஆபீஸ் வேனின் எருமைக் குரலைக் கேட்டும் பல வருடமாகிறது. ஊருக்கு அரசு டவுன்பஸ் வருகிறது, பெண்களுக்குக் கட்டணமில்லை. காலையில் புத்தகப்பை இடிக்காமல் அதில் நிற்க முடியாது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் அத்தையின் கண்ணை ஆஸ்பத்திரியில் காட்ட அதில் கூட்டிப்போனேன். முந்தி முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினார். “லேடீஸுக்குக் காசு கெடையாது பாட்டி” என்றார் இளவயதுக் கண்டக்டர்.

“இது யாரு பஸ்ஸுலே?”

“கவர்மெண்டு பஸ்ஸு.”

“அப்ப நம்ம பஸ்ஸுதான? நம்ம பஸ்ஸுன்னு சும்மா ஏறி ஏறித்தான் ஒண்ணு நின்னுபோகப் பாத்துச்சு. பிடி.”

கண்டக்டர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் அத்தையின் காதில் சொன்னேன்: “அத்தே, நீங்க வாங்குத சோப்பு, துணிமணியில வரி போட்டு, இதுக்கும் சேத்து முன்னாடியே வாங்கிட்டாவ.”

“அப்ப நாம என்னைக்கோ டிக்கெட் எடுத்தாச்சா! மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?” என்று அத்தை காசை மறுபடி முடிந்துகொண்டார். பிறகு ஜன்னலோரம் நன்றாக நகர்ந்து உட்கார்ந்து, பையைச் சுமந்து நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏட்டி, இங்கன உக்காரு. நம்ம பஸ்ஸுதான்.”