கேட்டு நடந்த பாதை

மேவிஸ் பென்ஃபோல்ட் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்விட்டு வந்தாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை. அவளுடைய பூட்ஸைப் பார்த்தால் போதும். எங்கள் குன்று முழுக்கச் சுண்ணாம்பு. மேலே விரல் கனத்துக்குப் புல், அதைக் காலால் தேய்த்தால் அடியில் பால் வெள்ளை. மழை பெய்துவிட்டால் அந்தச் சேறு தோலைக் கவ்விக்கொண்டு விடாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டு நிற்கும்போதும் பூட்ஸ் ஓரத்தில் வெள்ளை இருக்கும்.

குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் அவளுடைய தம்பி சிரில் இருந்தான். பிறந்ததிலிருந்தே பேச்சு கிடையாது, புத்தியும் குழந்தை அளவுதான். அம்மா செத்த வருஷம், வேலைக்கும் போய் அவனையும் பார்க்க முடியாமல் மேவிஸ்தான் கொண்டுபோய் விட்டாள். கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது, அதுவும் அத்தோடு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. ரோடு குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. அரை நாள் நடை, கார் வந்தால் ஒதுங்க இடமில்லை. வாலர் என்ற பெரியவரின் ஆட்டு மேய்ச்சல் நிலத்துக்குக் குறுக்கே ஏறி இறங்கினால் ஒரு மணி நேரம்தான்.

சிரில் விடுதி கேட்டில் நின்றுகொண்டு குன்றையே பார்ப்பான். பச்சைச் சரிவில் உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெள்ளைக் கோடு, அதுதான் பாதை. அதன் தலைப்பில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்ததும் கையைத் தூக்குவான். புள்ளி இறங்கி, பெரிதாகி, கோட்டும் தொப்பியுமாக மேவிஸ் எதிரே வந்து நிற்கும்வரை கை இறங்காது.

"கை வலிக்கலையாடா உனக்கு?" என்று அவளே பிடித்து இறக்கிவிடுவாள். வாரத்தில் அவள் ஒரு மனுஷக் கையைத் தொடுவது அப்போது மட்டும்தான். வீட்டில் பேசுவதற்கு ரேடியோ, அதுவும் அதுவாகத்தான் பேசும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே, குன்றில் காலை வைக்கும் முன்னால், அவள் வாலரின் கதவைத் தட்டினாள்.

"உங்க நிலத்து வழியா தம்பியைப் பார்க்கப் போகலாமா, மிஸ்டர் வாலர்?"

"தாராளமா போம்மா. கேட்டை மட்டும் சாத்திடு. ஆடு ரோட்டுக்கு வந்துச்சு, உன்னைப் பிடிச்சுப் பட்டியில அடைச்சிடுவேன்."

அதோடு விட்டிருக்கலாம். மேவிஸா விடுவாள்? வருஷா வருஷம் ஜனவரியில் கசப்பு ஆரஞ்சு கடைக்கு வந்ததும் அதில் மார்மலேட் ஜாம் காய்ச்சி, முதல் பாட்டிலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "இந்த வருஷமும் போகலாமா?" என்பாள்.

"அட ஆண்டவா, இதை வேற வந்து கேட்கணுமா? போ, போ" என்று அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

ஊர் ஜனங்களும் அந்தப் பாதையில் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். ஒருத்தரும் யாரையும் கேட்டதில்லை.

வாலர் செத்தார். லண்டனிலிருந்து ஹார்கிரேவ் என்பவர் வந்து நிலத்தை வாங்கினார். வாங்கின கையோடு முள்கம்பி, பூட்டு, உள்ளே வராதே என்று பலகை. ஊர் கொதித்துவிட்டது. கொதிப்பதற்கு எங்கள் ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்! டாஃப்னி என்று ஒரு அம்மாள், தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவள், வழக்கைக் கையில் எடுத்தாள். சட்டம் என்னவென்றால், இருபது வருஷம் யாரையும் கேட்காமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது ஊர்ப்பாதை, யாரும் அடைக்க முடியாது. கேட்டு நடந்திருந்தால் அது நிலத்துக்காரர் காட்டிய தயவு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பழைய ஆட்களில் பாதிப் பேர் கல்லறையில், மீதிப் பேர் வேறு ஊரில். புதிதாகக் குடிவந்தவர்கள் நடந்தது நாலைந்து வருஷம்தான். அத்தனை வருஷமும் நடந்ததாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மேவிஸ்.

சர்ச் மண்டபத்தில் விசாரணை. வாசலிலேயே டாஃப்னி அவளை மடக்கினாள்.

"எழுந்து நிக்கிற, இத்தனை வருஷமா நடந்தேன்னு சொல்ற, உட்கார்ற. மார்மலேட் பத்தி மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சுதா?"

"கேட்டாங்கன்னா?"

"கேட்டா, இல்லைன்னு சொல்லேன்! உன் தம்பிக்காகச் சொல்லு!"

மேவிஸ் அந்த 'இல்லை'யை ஏற்கெனவே பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். சொன்னால் சிரில் கிடைப்பான், அது அவளுக்குத் தெரியாதா?

ஹார்கிரேவின் வக்கீல் நல்ல மரியாதைக்காரர். "மிஸ் பென்ஃபோல்ட், அங்கே நடக்கிறதுக்கு யார்கிட்டயாவது அனுமதி கேட்டீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

ஊரே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இல்லை என்றால், இத்தனை காலமும் அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் புகுந்தவள் என்று ஆகிவிடும். அந்த மனுஷன் வாய் நிறையச் சொன்ன "தாராளமா போம்மா" பொய்யாகிவிடும்.

"பின்னே? ஒருத்தர் நிலத்துல கேட்காம எப்படிங்க நடக்கிறது?" என்றாள். "வருஷா வருஷம் கேட்டேன்."

யாரோ "அடிப்பாவி" என்றார்கள். டாஃப்னி கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், பாதை போயிற்று.

அதற்கப்புறம் ஊர் அவளை நடத்திய விதம் இருக்கிறதே, எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது. சர்ச்சில் அவள் பெஞ்சில் அவள் மட்டும். கடையில், "சர்க்கரை நிறைய வாங்கிக்கோ மேவிஸ், இன்னும் யாருக்கெல்லாம் மார்மலேட் குடுக்கணுமோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் மீதிச் சில்லறையை வாங்க மறந்து வெளியே வந்தாள்.

அடுத்த ஞாயிறு ரோட்டில் நடந்தாள். ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் பள்ளத்தில் விழுந்து முழங்கால் வீங்கிப் பாதியில் திரும்பினாள். சிரில் இருட்டும்வரை கேட்டில் நின்றதாக விடுதியிலிருந்து போனில் சொன்னார்கள். முழங்கால் வீக்கம் வற்றியதும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் மார்மலேட்டை எடுத்துக்கொண்டு நேரே ஹார்கிரேவின் வீட்டுக்குப் போனாள்.

அவர் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்கிட்ட வந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். "நீங்க ஒருத்தர் மட்டும் போய்க்கோங்க. ஆனா வெள்ளைப் பாதையில வேண்டாம். அங்கே ஒரு ஆளைப் பார்த்தா ஊரே ஏறி வந்துடும். கீழே பள்ளத்தோட, முள்மர வேலிக்குப் பின்னால போங்க, யார் கண்ணுக்கும் படாம."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் மேவிஸ். நன்றி சொன்னாளாம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்து நிழலில், வேலிக்குப் பின்னால் நடந்தாள். தலைக்கு மேலே வெயிலில் வானம்பாடி கத்திக்கொண்டிருந்தது, அவளுக்கு வானமே சரியாகத் தெரியவில்லை. விடுதியின் பக்கவாட்டில் வந்து ஏறினாள். சிரில் கேட்டில் நின்றுகொண்டிருந்தான், முகம் குன்றைப் பார்த்து.

"சிரில், அக்கா வந்துட்டேன்டா."

அவன் திரும்பினான். தேநீர் கொண்டுவரும் நர்சைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்தான். திரும்பவும் குன்றைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நான்தான்டா. இங்க பாரு." அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். அவன் பலமாகத் தலையை விடுவித்துக்கொண்டான். கை தயாராகக் கேட்டின் மேல் இருந்தது. எதிரே சரிவில் வெள்ளைக் கோடு உச்சிவரை காலியாகக் கிடந்தது.

மேவிஸ் தொப்பியைக் கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். தேநீர் மணி அடிக்கும்வரை அக்காளும் தம்பியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மேவிஸ் வருகிறாளா என்று குன்றைப் பார்த்தபடி நின்றார்கள்.