செங்காய்

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பின் சட்டாம்பிள்ளை நான். அழுமூஞ்சி என்று எவரும் என்னை அழைத்ததில்லை. இன்று அதியமான்கோட்டையில் ஒருவர் கூடையில் விற்ற செங்காய்ப் புளியின் மணம், பாதி பழுத்து, புளிப்பும் இனிப்பும் ஒரே கடியில் வரும் அந்தப் பருவத்தின் மணம், நான்குவழிச் சாலைக்குள் போய்விட்ட எங்கள் புளியந்தோப்பை மீட்டுத் தந்தது. செவிலியர் படிப்புக்காக அக்கா பெங்களூருக்குப் பேருந்து ஏறியது அந்த நிழலில்தான்.

"பொண்ணு படிக்கப் போவுது, சந்தோசந்தானுங்களே?" என்றார் நடத்துனர்.

"மனசு செங்காயா இருக்குதுங்க," என்றார் அம்மா.

"பழுத்துரும், வுடும்மா!" என்று ஜன்னலில் அக்கா சிரித்தாள்.

பழுத்தது, தலைமைச் செவிலியராக ஓய்வுபெற்றாள். பேருந்தின் பின்னால் நான் அழுதுகொண்டே ஓடியதாகப் பேரப்பிள்ளைகளிடம் இன்றும் சொல்கிறாள். அது தவறு. ஓடியது உண்மை. அழவில்லை, செங்காயாக இருந்தேன்.