ஃபஸ் டப்பாவும் கீபோர்டுக்காரரும்

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பார். எனக்கு அவரை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நான் கிடார். நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்வது பிழைப்பு. முகூர்த்த நாட்களில் அவருக்குப் பின்னால் ஓரமாக நிற்பேன். என் கிடார் சத்தத்தை மிக்ஸரில் எப்போதும் பாதிக்குக் கீழே இறக்கித்தான் வைப்பார்.

ஆத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைக் கட்டு கிடைத்தது. அட்டை கிழிந்த இதழ் ஒன்றில் ‘ஃபஸ்’ சர்க்யூட் இருந்தது. கிடாரின் சுத்தமான ஒலியை வாங்கிக் கிழித்து, ரம்பம் அறுப்பதுபோல உறுமவைக்கும் சின்னக் கருவி. அதற்கு வேண்டிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ஓடாத ரேடியோக்களின் வயிற்றைக் கிளறி எடுத்தேன். படம் போட்டவன் ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாகப் போட்டிருந்தான். முகம் தெரியாத அவனையும் வாய் வலிக்கத் திட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் தகர டப்பாவுக்குள் அடக்கி, காலால் மிதிக்கும் சுவிட்ச் வைத்து வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குள் கிடந்த எரிச்சலெல்லாம் வெளியே வந்து கத்தியது போலிருந்தது.

அதை முதலில் கொண்டுபோனது ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு காதுகுத்துக்கு. சித்திரை மதியம், தகரக் கொட்டகைக்குக் கீழே மேடை. முதல் பாட்டில் உறுமிய டப்பா அடுத்ததில் விக்கியது. பிறகு செத்தே போனது. ஜெர்மானியம் சூடு தாங்காது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்த எனக்கு அது உறைக்கவில்லை.

கீபோர்டுக்காரர் மைக்கிலேயே சொன்னார்: “நம்ம கிடார் தம்பி ஊட்டுல இருந்து சோளப்பொரி மெசினு கொண்டாந்திருக்குதுங்க. மன்னிச்சுக்கோங்க.”

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

விடவில்லை. சூடு தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டு, ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். டப்பாவை மொட்டைமாடி வெயிலில் காயவைத்துச் சோதித்தேன். சத்தம் முன்பைவிடக் கொடூரமாக வந்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்து புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டின் நடுவே கிடார் வரும் இடத்தில் சுவிட்சை மிதித்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் விசிலடித்து, மறுக்கா வாசிக்கச் சொன்னார்கள். அவர் மைக்கை எடுத்தார்.

“இந்த சவுண்டுக்காகத்தானுங்க புது கீபோர்டே எறக்கியிருக்கேன்.”

மறுபடி அதே பாட்டு. அதே இடம் வந்தது. நான் மிதிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் விரல்கள் கீபோர்டில் அலைந்தன. பீப்பீ ஊதியதுபோல ஏதோ வந்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது.

மேடைக்குப் பின்னால் என் சட்டையைப் பிடித்தார். “அத்தன பேருக்கு முன்னால என்ற மானத்த வாங்கறியாடா?”

“கீபோர்டுல வருதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க. வரட்டும்னு உட்டுட்டேன்.”

“நாளையில இருந்து இந்தப் பக்கம் வராத.”

“வாரேன்னு யாரு சொன்னது?”

கையைத் தட்டிவிட்டு, கிடாரை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்து அவரே போன் செய்தார். புது கிடார்காரன் வந்தும், போகிற இடத்திலெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறார்களாம். “அந்த டப்பா ஒண்ணு செஞ்சு குடு சாமி.”

சாமியாம்.

“முடியாதுங்க.”

“ஏஞ்சாமி, இன்னுமா கோவம்?”

“ஆமாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மனசு கொஞ்சமும் இளகவில்லை. அன்றைக்கு மதியச் சோறு நன்றாக இறங்கியது.