தோண்டிப் பாத்தானா?

கம்பியின் முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி, அதன் பித்தளைக் குமிழை இடது காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார். பின்னால் பஸ் ஹாரன் அலறுகிறது. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, பொறு என்கிறார். இரண்டடி தள்ளி மறுபடி ஊன்றுகிறார். "இங்கதான் அழுவுது" என்று குனிந்து, மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். மண்வெட்டியோடு நிற்பவர்கள் மறுபேச்சுப் பேசாமல் தோண்டுவார்கள். நான்கடி ஆழத்தில் குழாய் கசிந்துகொண்டிருக்கும்.

மண்ணுக்கடியில் குழாய் கசிகிற சத்தத்தைக் கம்பி வழியே கேட்பது. குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடமாக இதுதான் அவருக்கு வேலை. கூட இருப்பவர்கள் வைத்த பெயர் 'காதுக்காரர்'. இப்போது கொஞ்சம் தயங்கித்தான் கூப்பிடுகிறார்கள். வலது பக்கம் காது மடல் மட்டும் இருக்கிறது. துவாரம் இருந்த இடத்தைத் தோல் மூடிவிட்டது. வாயின் வலது ஓரம் தொங்கிப்போய், டீ குடித்தால் சட்டையில் ஒழுகும். அதைப் பார்த்து யாராவது உச்சுக் கொட்டினால் போச்சு, அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

கோபமெல்லாம் கடைத்தெரு மாடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மேல். வலது காதில் சீழும் ரத்தமும் வடிய, பதினான்கு மாதம் அந்தப் படியேறினார். பதினான்கு மாதமும் சொட்டு மருந்துதான். ஒரு துணுக்குச் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. "ரோட்டுல தண்ணி கசிஞ்சா மேல தாரை ஊத்தி மூடிட்டுப் போவானா எவனாவது? தோண்டிப் பாத்தானா அவன்? பாத்தானான்னு கேக்கறேன்!" என்று இன்றைக்கும் நடுத்தெருவில் கத்துவார். கத்தட்டும். வேறு எப்படிக் கேட்பதாம்?

பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளியே வந்தது. காதுக் குழாயில் புற்றுநோய், பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது என்றார்கள். "அந்த ஒருத்தன் நான்தானே? மிச்சப் பேர் கணக்கு எனக்கெதுக்கு?" என்று எகிறினார். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மழுப்பவில்லை. "ஆரம்பத்துலயே வந்திருந்தா பத்துல எட்டுப் பேராவது பொழைச்சுக்குவாங்க. உங்களுக்கு எலும்பை அரிச்சிருக்கு. பாதிக்குப் பாதின்னு வெச்சுக்குங்க. ரொம்ப அபூர்வமா வர்றதால இந்தக் கணக்கையும் கெட்டின்னு சொல்ல முடியாது." குழாயைச் சுற்றியிருந்த எலும்போடு வெட்டியெடுத்தார்கள். முக நரம்பும் அதோடு போயிற்று. ஆறு வாரம் கதிர்வீச்சு. திரும்பி வந்தால் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று அனுப்பினார்கள்.

ஒன்றை மட்டும் அவர் கத்திச் சொல்வதில்லை. வலது காது மந்தமான அன்றே கம்பியை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். போட்ட குறி ஒன்றுகூடத் தப்பவில்லை, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. மனைவிக்குக்கூட.

சிகிச்சை முடிந்து இப்போது இருபதாவது மாதம். மூன்று வாரமாக வலது காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் சுருக்கென்று குத்துகிறது. பரிசோதனைக்குச் சொன்ன தேதியும் தாண்டிவிட்டது. அவர் அந்தப் பக்கம் தலை சாய்க்காமல் படுப்பதை மனைவி கவனித்துவிட்டார்.

"ஊரையெல்லாம் தோண்டச் சொல்றீங்களே, இதை மட்டும் எதுக்கு மூடி வெச்சிருக்கீங்க?"

"திரும்ப வந்திருந்தா என்னடி பண்றது? சொல்லு பாப்போம்!" என்று பாத்திரம் அதிரக் கத்தினார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். இவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

அறுவை சிகிச்சை செய்தவர் அன்று விடுப்பு. அவர் நாற்காலியில் வேறொரு டாக்டர் இருந்தார். ஃபைலை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஆபரேஷன் பண்ண இடம், வலி இருக்கத்தான் செய்யும். மாத்திரை எழுதறேன்" என்றார், தலை நிமிராமல்.

இதோ கத்தப் போகிறார் என்று மனைவி அவர் கையைப் பிடித்தார். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்து நாக்கில் ஈரப்படுத்தினார். காதுக்குப் பின்னால் விரலால் தடவித் தடவி, குத்துகிற இடம் வந்ததும் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு ஸ்டூலைத் திருப்பி, டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.