கையெழுத்துக்கு வந்த ஜீப்

எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அரசாங்க அதிகாரி. போன வருஷம் மூன்று முறை மனுவோடு போய் நின்றபோது ஏறெடுத்தும் பார்க்காத அதே மனுஷன். இப்போது, "அம்மா, ஐயா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். இவ்வளவு மரியாதை சும்மா வருமா?

ஐயா என்றது என் வீட்டுக்காரரை. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், கல் அரைக்கும் மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மூச்சு வாங்கத் தொடங்கியதும் டி.பி. என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு தடவை முழுசாகச் சாப்பிட்டும் குறையவில்லை. கல் தூசிதான் நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று யாராவது எழுதித் தந்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். அதற்குத்தான் நாயாய் அலைந்தேன். கடைசியில் சென்னை வக்கீலம்மா ஒருவர், இந்த அதிகாரி கண்டுகொள்ளாததையும் சேர்த்து எங்கள் புகாரை, தொழிலாளர் குறைகளைக் கேட்கும் வெளிநாட்டிலுள்ள உலக அமைப்பு ஒன்றுக்கு அனுப்பி வைத்தார்.

அதிகாரியின் ஃபைலில் அந்தப் புகாரின் நகல் இருந்தது. உலக அமைப்பு டெல்லியைக் கேட்டதாம், டெல்லி சென்னையைக் கேட்டதாம், சென்னை மாவட்டத்தைக் கேட்டு, கடைசியில் இவர் மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நான் யார் மேல் புகார் சொன்னேனோ அவரே விசாரிக்க வந்திருக்கிறார். நல்ல கூத்து! ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். வீட்டுக்காரரை அவரோடு விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். போயிருக்கவே கூடாது.

கம்பெனியில் சனிக்கிழமைதோறும் சூப்பர்வைசர் தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். படித்துப் பார்க்கக் கேட்டால் திங்கட்கிழமை வேலை இருக்காது. இருபது வருஷப் பழக்கம். அதிகாரியும் அப்படித்தான் விரலை வைத்திருக்கிறார். நான் டீயோடு வந்தபோது என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னா எழுதியிருக்குதுன்னு கேட்டீங்களா?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்ட மனசு வரவில்லை. அதிகாரி டீயைத் தொடாமலே கிளம்பினார்.

நாலு மாதம் கழித்து வக்கீலம்மா போனில் பதிலைப் படித்துச் சொன்னார். சிகிச்சையில் நலமாக இருப்பதாகவும், புகார் எதுவும் இல்லை என்றும் தொழிலாளியே கையெழுத்துப் போட்டிருப்பதாக அரசாங்கம் தெரிவித்ததாம். உலக அமைப்பு அதைத் திருப்தியோடு குறித்துக்கொண்டதாம்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர், என்ன சொன்னார்கள் என்று கையால் கேட்டார். பேச மூச்சு இல்லை.

"நீங்க நல்லா இருக்கீங்களாம்" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அது அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.